‘யாரு கூட்டிகினு வந்தாங்க?’ என்று கேட்டவர்

ஒரகடத்துத் தோழர்களே, வல்லம் வடகாலின் உழைக்கும் தாய்மாரே, மணிமங்கலத்திலிருந்தும் திருப்பெரும்புதூரிலிருந்தும் கம்பெனிப் பேருந்தை விட்டிறங்கிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் உடன்பிறந்தோரே,

புகழுரை பின்னர் வரட்டும். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் எந்திரத்தில் கையைக் கொடுத்த ஏழைக்கு முதலில் கிடைப்பது மருந்தன்று, ஒரு பொய். ‘வீட்டில் அடிபட்டது என்று சொல்’ என்னும் பொய். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, ஐந்து மாதமாக இடக்கை மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் இருக்கும் முத்துப்பாண்டி இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இழப்பீட்டு வழக்கு வருகின்ற வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. அந்த வழக்குக்காகத் தொழிலாளர் தங்கும் அறை அறையாக ஏறி இறங்கிச் சான்று தேடிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி அம்மையார் இன்று நம்மிடையே இல்லை. வழக்கு இருக்கிறது, சான்று இல்லை, தேடியவரும் இல்லை. இந்த நிலையில்தான் நாம் அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம்.

செய்தி எனக்குத் திங்கட்கிழமை காலையில் வந்தது. ஒரகடம் சந்திப்பில், காலைப் பணிக்குச் செல்வோர் இறங்கும் இடத்தில் எங்கள் தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தணிகாசலம். திருப்பெரும்புதூர் நீதிமன்ற வளாகத்தில் ஒளிநகல் கடை வைத்திருக்கும், சக்கர நாற்காலியில் வாழும் நம் தணிகாசலம்தான்.

“அண்ணே, எங்க கீறீங்க?”

“ஒரகடத்துல. சொல்லு.”

“வண்டியில போய்கினு இல்லியே?”

“இல்லப்பா, நின்னுகிட்டுத்தான் இருக்கேன்.”

“மேரியக்கா பூட்டாங்கண்ணே. விடிகாலையில நெஞ்சு வலின்னு தூக்கிகினு போனாங்களாம். ஆஸ்பத்திரி கேட்டாண்டயே முடிஞ்சிருச்சாம்.” பிறகு, “அவங்க பைய நான் வாங்கி வச்சிகிறேண்ணே. வியாயக்கெயம கேசு காகிதம் பூரா அதுலதான் கீது” என்றார்.

ஓர் உயிர் போன செய்தியைச் சொன்ன அதே மூச்சில், மற்றோர் உயிரின் வழக்குத் தாள்களைக் காப்பதாகச் சொன்னார் அந்த மனிதர். மேரி அம்மையார் எப்படிப்பட்ட மனிதர்களை உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. அவருடைய பெயரைச் சொல்லும்போது என் குரலில் துயரத்தைவிடப் பெருமிதமே மேலோங்கினால், அதைக் குற்றமாக எண்ணாதீர்கள்.

அவரை அறியாத இளையோர் சிலரும் இங்கே இருக்கிறீர்கள். மணிமங்கலத்தை அடுத்த குடியிருப்பில், கொத்து வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். கொத்தனார் அந்தோணியை மணந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் எந்திரத்தில் நின்றவர். அந்த எந்திரம் அவருடைய வலக்கையின் மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. அவருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை அவர் வாயாலேயே கேட்டவன் நான்.

அந்தத் தொழிற்சாலையின் வாயிலில் ஒரு பலகை இருந்தது. இன்றும் பல வாயில்களில் இருக்கிறது. நாள்தோறும் அதைக் கடந்துதான் நீங்கள் உள்ளே செல்கிறீர்கள். விபத்தில்லாமல் கழிந்த நாள்களை அது எண்ணிக்கொண்டே போகும். குறித்த எண்ணை எட்டினால் அந்த வரிசையில் வேலை செய்யும் அனைவருக்கும் பரிசு. அவ்வாண்டுப் பரிசு, ஆளுக்கொரு குக்கர். எண் நிறைவதற்கு நான்கு நாள்கள் இருந்தபோது மேரியின் விரல்கள் போயின. அவரைக் காரில் ஏற்றிய மேற்பார்வையாளர், ‘அரிவாள்மனையில் அறுத்துக்கொண்டேன் என்று சொல்லம்மா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். மருத்துவரிடம் மேரி அப்படியே சொன்னார். அச்சத்தால் மட்டும் சொல்லவில்லை. தன் ஒருத்தியால் நாற்பது குடும்பத்துக் குக்கர் போய்விடக் கூடாது என்று எண்ணிச் சொன்னார்.

“எனுக்கும் ஒரு குக்கரு குடுத்தாங்கண்ணே,” என்றார் என்னிடம். “மூணு வெரலுக்கு ஒரு குக்கரு. இதுல இன்னா வேடிக்கைன்னா, அத்த மூட வலது கை கெட்டியா இருக்கணும். இன்னிக்கி வரைக்கும் எங்க வூட்டுக்காரரு தான் மூடறாரு.”

தோழர்களே, உழைப்பவனின் பொய்யெல்லாம் கோழைத்தனத்தில் பிறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவன்மேல் வைத்த அன்பையே கருவியாக்கி, உழைப்பவனையே பொய் சொல்ல வைக்கும் ஏற்பாடு இது. ஒருவன் கை நசுங்கினால் நாற்பது பேர் பரிசு போகும் என்று விதித்துவிட்டால், மறைக்கும் வேலையை முதலாளி செய்ய வேண்டியதில்லை, நாமே செய்துவிடுவோம். இதை மேடையில் நின்று முழங்கிய எவனும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று விரல் இழந்த ஒரு பெண் கண்டுபிடித்தார்.

அவரை நான் முதன்முதலில் சந்தித்தது ஒரு வாயிற்கூட்டத்தில். கண்ணில் இரும்புத் துணுக்குத் தெறித்து ஒரு பக்கப் பார்வையை இழந்த வார்ப்பகத் தொழிலாளிக்காக ஒரு மணி நேரம் பேசி முடித்து இறங்கினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார்.

“நல்லா பேசனீங்கண்ணே. கைதட்டலாம்னு பாத்தேன். சத்தம் செரியா வரல,” என்று வலக்கையை உயர்த்திக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அந்தப் புள்ள ஆஸ்பத்திரில இன்னா சொல்லிச்சின்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

“சீட்டாவது பாத்தீங்களா?”

பார்க்கவில்லை.

“ஒரு மணி நேரம் பேசியிருக்கீங்க,” என்றார். குரலில் குத்தல் இல்லை, கணக்கெடுக்கும் மேற்பார்வையாளரின் குரல். “வாங்க, போயி பாக்கலாம்.”

அப்போதே அவர் நீதிமன்றச் சட்ட உதவி மையத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர். தம் இழப்பை வாதாட வழியின்றிப் போனபின், பிறர் இழப்பையாவது வாதாடக் கற்றுக்கொள்வோம் என்று போய்ச் சேர்ந்தவர். கறுப்பு அங்கி அணிபவர் அல்லர். ஆனால் கறுப்பு அங்கி அணிந்தவர்கள் விசாரணைக்கு முன் அவருடைய துணிப்பைக்குக் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அன்று மருத்துவமனையில் நான் கற்றது இது. காயம்பட்டு வருவோரைப் பதியும் ஏடு ஒன்று உண்டு. ‘காயம் நேர்ந்த விதம்’ என்று அதில் ஒரு கட்டம். பொய் எழுதப்படுவது அந்தக் கட்டத்தில். கண்ணிழந்த தொழிலாளிக்கு அதில் ‘தங்கும் அறைக்கு அருகே மட்டைப்பந்து ஆடும்போது பந்து பட்டது’ என்று எழுதியிருந்தது. என் முகம் வாடிற்று. மேரி அம்மையாரின் முகம் வாடவில்லை. அவருடைய சுட்டுவிரல் மேலே இருந்த இன்னொரு கட்டத்துக்கு நகர்ந்தது. ‘அழைத்து வந்தவர்’ என்ற கட்டம். எழுத்தர்கள் வழக்கத்தால் நிரப்பிவிட்டுப் போகும் இடம். அதில் தொழிற்சாலை மேற்பார்வையாளரின் பெயரும் கையெழுத்தும் இருந்தன, நேரமும் இருந்தது.

“யாரு கூட்டிகினு வந்தாங்க? அத்த மொதல்ல கேளுங்கண்ணே. அடிபட்டவன் பொய் சொல்லுவான், அவன் நெலம அப்டி. கூட்டிகினு வந்தவன் பேரு பொய் சொல்லாது.”

அந்த வழக்கின் விசாரணை நாளை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது. மேற்பார்வையாளர் எதிர்த்தரப்புச் சான்றாக நின்றார். மேரி அம்மையார் நம் வழக்கறிஞரின் காதில் ஏதோ சொன்னார். வழக்கறிஞர் எழுந்து, “அறைக்கு அருகே விளையாடும்போது அடிபட்டதாகச் சொல்கிறீர்கள். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் நீங்கள். அப்படியானால் நீங்களும் அந்த ஆட்டத்தில் இருந்தீர்களா?” என்று கேட்டார்.

மேற்பார்வையாளருக்கு வியர்த்தது. “நான்... நான் ஆடல சார். அம்பயரா இருந்தேன்.”

கூடம் சிரித்தது. விசாரணை அலுவலர் மட்டும் சிரிக்காமல், “உங்கள் வருகைப் பதிவேட்டின்படி அந்த நேரத்தில் நீங்கள் பணியில் இருந்திருக்கிறீர்கள். பணி நேரத்தில் அம்பயரா?” என்றார். வழக்கில் வென்றோம். படியிறங்கும்போது மேரி அம்மையார் சொன்னது ஒரே வரி: “அம்பயரே அவுட்டுண்ணே.”

தணிகாசலத்தின் கதையை அவரே பலமுறை உங்களுக்குச் சொல்லியிருப்பார். என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். நீதிமன்ற வளாகத்தில் ஒளிநகல் கடை வைக்க மாற்றுத்திறனாளி என்ற முறையில் அவர் விண்ணப்பித்திருந்தார். நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. அலுவலர் இருந்ததோ முதல் மாடி. மின்தூக்கி இல்லை, சாய்தளம் இல்லை. ‘நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுங்கள்’ என்றார் கடைநிலை ஊழியர், நல்லெண்ணத்தோடுதான். நாங்களும் கை கொடுக்க முன்வந்தோம்.

மேரி அம்மையார் குறுக்கே நின்றார். “இவரு மூட்ட இல்ல, தூக்கறதுக்கு.”

“அப்ப எப்டிம்மா மேல போறது?”

“இவரு போவ வாணாம். அய்யா எறங்கலாம்ல? அவருக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே கீது.”

சொல்லிவிட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கழிந்தது. மேலே போவோரும் வருவோரும் அவரைச் சுற்றி ஒதுங்கிச் சென்றனர். ஒருவரையும் அவர் தடுக்கவில்லை, ஒரு முழக்கமும் எழுப்பவில்லை. தணிகாசலம் கூச்சத்தால் நெளிந்து, “அக்கா, வுட்டுருக்கா, தூக்கட்டுமே” என்றபோது, “நீ கம்முனு இரு. இன்னிக்கி உன்ன தூக்கனா நாளைக்கி வர்றவன யாரு தூக்குவா?” என்றார். பின்னர் அந்த அலுவலர் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாமே இறங்கி வந்தார். மரத்தடியில் மேசை போடச் சொன்னார். கேள்விகள் கேட்டார், கையெழுத்திட்டார். அடுத்த விண்ணப்பதாரரையும் கீழேயே அழைத்து விசாரித்தார். சினம் கொள்ளாமல் இறங்கி வந்த அந்த அலுவலரையும் இன்று நான் நன்றியோடு நினைக்கிறேன். இறங்க வேண்டியவர் யார் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவே.

நோயாளிகளுக்கு அவர் செய்தது இதைவிட நுட்பமான வேலை. மின்னணுப் பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் பணிபுரியும் சரசுவதியை நீங்கள் அறிவீர்கள். சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் குருதி சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டிய நிலை. ‘அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்’ என்று காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் தயாராகிவிட்டது. செய்தி கேட்டதும் வாயிலில் பந்தல் போடலாம் என்று நான் துடித்தேன். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தைக் கையில் எடுத்து நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றலாம் என்று எழுச்சியோடு சொன்னேன்.

“அண்ணே, அந்தச் சட்டத்துல பட்டியல் ஒண்ணு போட்டுக்கீறாங்க. சிறுநீரகம் அதுல இல்ல. நீங்க அத்த தூக்கிகினு போனா அவங்க வக்கீலு சிரிச்சிட்டு பூடுவாரு,” என்றார். “நமக்கு வேற சட்டம் கீது.”

தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவி பெற்றுக்கொண்டிருக்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது. அந்த விதியை மையத்து வழக்கறிஞர் ஒரு பக்கக் கடிதமாக எழுதினார். கடிதத்தோடு மேரி அம்மையார் இன்னொரு தாளையும் இணைத்தார். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் கைப்படக் கோடு கிழித்த அட்டவணை அது. சரசுவதி எந்த நாளில் எந்த நேரத்துக்கு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், எந்த ஷிப்டில் போட்டால் இரண்டும் இடிக்காது, அந்த ஷிப்டுக்கு மாறிக்கொள்ள எந்தப் பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தன. இடக்கையால் எழுதிய கோணல் எழுத்து. பணியாளர் மேலாளர் சட்டக் கடிதத்தை ஒருமுறை படித்தார். அட்டவணையை மூன்று முறை படித்தார். ‘இப்படி முன்பே கேட்டிருக்கலாமே’ என்றார். சரசுவதி இன்றும் வேலையில் இருக்கிறார்.

அன்று மேரி அம்மையார் சொன்னதை நான் பல மேடைகளில் அவர் பெயர் சொல்லியே எடுத்துரைத்திருக்கிறேன்: “சட்டத்த காட்டினா பயப்படுவாங்க. வழிய காட்டினா செய்வாங்க. ரெண்டையும் ஒரே கவர்ல போட்டு குடுக்கணும்.”

இனி முத்துப்பாண்டியின் வழக்குக்கு வருகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து வந்து, வல்லம் வடகாலில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கி, ஒப்பந்தத் தொழிலாளியாகப் பிரஸ் எந்திரத்தில் நின்ற இளைஞர். கை மாட்டிய அன்று அவரைக் காரில் ஏற்றிச் சென்றார்கள். மருத்துவமனை வாயில்வரை செல்லவில்லை. தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்கள். துணி சுற்றிய கையை மறுகையால் ஏந்திக்கொண்டு அவர் தனியே நடந்து உள்ளே சென்றார். சொல்லிக்கொடுத்தபடியே, ‘அறையில் தண்ணீர் மோட்டார்ப் பட்டையில் சிக்கியது’ என்றார்.

மேரி அம்மையார் வழக்கம்போல ஏட்டைப் பார்க்கச் சென்றார். உடன் நானும் இருந்தேன். ‘அழைத்து வந்தவர்’ என்ற கட்டத்தில் எழுதியிருந்த சொற்கள் இரண்டே: ‘தாமாக வந்தார்.’

அவர் ஏட்டை மூடி எழுத்தரிடம் கொடுத்தார். “நம்ம கேள்விய அவங்களும் கத்துகினாங்கண்ணே,” என்றார். “இனிமே காகிதம் பேசாது. ஆளுதான் பேசணும்.”

வெளியே வந்து முத்துப்பாண்டியின் அருகில் அமர்ந்து, “ஏன் தம்பி அப்டி சொன்ன?” என்று மெல்லக் கேட்டார்.

“என்னத்தக்கா சொல்ல. போர்டுல இன்னும் ஆறு நாளுதேன் பாக்கி. எல்லாத்துக்கும் மிக்சி தர்றதாப் பேச்சு. எங்க செட்டுல நாலு பேர நிரந்தரமாக்கப் போறாகன்னும் சொன்னாக. என்னால அவுக பொழப்பு கெடணுமான்னு நெனச்சேன்.”

“எனுக்கு குக்கரு. உனுக்கு மிக்சியா?”

“ஆமாக்கா. குடுத்தாக. அட்டப்பொட்டிகூடப் பிரிக்கல.”

“அப்ப நீ பரவால்ல. மிக்சிய ஒத்தக் கையால போடலாம். குக்கரத்தான் மூட முடியாது.”

முத்துப்பாண்டி சிரித்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுவே முதன்முறை என்று அவருடைய அறைத்தோழர்கள் என்னிடம் சொன்னார்கள். பிறகு அவர் அழுதார். அம்மையார் அவரை அழ விட்டுவிட்டுத் துணிப்பையிலிருந்து தாளை எடுத்தார். “மொதல்லேந்து சொல்லு. எந்திரத்தாண்ட யாரு யாரு நின்னாங்க?”

ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

அந்த ஐவரையும் தேடித்தான் அவர் இந்த ஐந்து மாதமும் நடந்தார். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் இருந்தது. அந்தோணி அண்ணன் என்னிடம் சொன்னார்: “கால காட்டிட்டு வாடின்னா, இந்த கேசு முடியட்டும்ன்னுவா. அஞ்சி மாசமா அதே பதிலு.” இருவர் முதலில் வருவதாகச் சொல்லிப் பிறகு பின்வாங்கினார்கள். ஒப்பந்தப் புதுப்பிப்பு நெருங்குகிறது என்றார்கள். ஒருவர் அறையை மாற்றிக்கொண்டு போனார். கடந்த ஞாயிறு, மறைவதற்கு முந்தைய பகல், அவர் வல்லம் வடகாலில் ஐவரில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். அவரோடு சென்ற சரசுவதி என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன்.

“அக்கா, பாத்தேன்க்கா. ஆனா பாக்கலன்னு எழுதிக்கோங்க,” என்றாராம் அந்த இளைஞர்.

“அத்த நான் எழுத முடியாது தம்பி. நீ வந்து உங்கையால எழுதிட்டுப் போ. பாக்கலன்னே எழுது. முத்துப்பாண்டிய எதுருல ஒக்கார வெச்சிகினு எழுது.”

அவர் கதவருகிலேயே நின்றாராம். திரும்பி வரும் வழியில் சரசுவதி வருந்தியபோது, “அவன் கதவ மூடலடி, பாத்தியா? வருவான்” என்றாராம் அம்மையார். அதுவே அவர் செய்த கடைசிப் பணி.

அவரைப் பற்றி ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தம் உடம்பின் வழக்கை அவர் எவரிடமும் கொண்டுசெல்லவில்லை. பிறருக்கெல்லாம் மருத்துவச் சீட்டை மடிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னவர், தம் சீட்டு எங்கே என்று கேட்டால் சிரிப்பார். அவரிடம் நாம் நம் தாள்களையெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினோம். ஒருநாளாவது அவரைக் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றோமா? நானும் செல்லவில்லை. இதை இந்த மன்றத்தில் ஒப்புக்கொள்ளாமல் அவரைப் புகழ எனக்கு உரிமை இல்லை.

ஆயினும், தோழர்களே, தலைநிமிர்ந்து சொல்வேன். பெரும் நிறுவனங்களின் மதில்களுக்கு நடுவே, பதவியோ பட்டமோ இன்றி, ஒரு துணிப்பையும் இரண்டு விரலே கொண்ட வலக்கையுமாக நடந்த இந்தப் பெண்ணைக் கண்டு, வழக்கு வாதிடக் கற்றவர்கள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்கள். காயத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், இவர் ஒருவருக்கு அஞ்சித் தங்கள் தந்திரத்தையே மாற்ற வேண்டியிருந்தது. எந்தப் படையும் எந்தக் கொடியும் இல்லாத ஒருவரை எதிரி அந்த அளவுக்குப் படித்திருக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய பட்டயம் எது? அவர் நம் மண்ணில் பிறந்தவர். நம் எந்திரத்தில் நின்றவர். நம்மைப்போல் தவறியவர். தவறிய இடத்திலிருந்தே எழுந்தவர்.

அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது ஒன்று. எவருக்காகவும் மேடையேறும் முன், அவர் அருகில் தரையில் அமர்ந்து, நடந்ததை முதலிலிருந்து கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்வது. அம்மையாரைக் கண்டபின் அப்படிச் செய்யாமல் நான் ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. இன்றைக்கும் பேசவில்லை. முத்துப்பாண்டி சொன்னதை நேற்று பிற்பகல் அவர் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டேன். எந்திரத்தருகே நின்ற ஐவரின் பெயர்களும் அதில் இருக்கின்றன. அவற்றை நான் இங்கே வாசிக்கப்போவதில்லை. அவர்களில் மூவர் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அஞ்சலி செலுத்த வந்த அவர்களை நான் வணங்குகிறேன்.

அந்த மூவரிடம் பேசுகிறேன். உங்கள் அச்சத்தை நான் எள்ளவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்ற கவலை பொய்யானதன்று. ஆகவே வெறுங்கையோடு உங்களை அழைக்கவில்லை. சான்று சொன்னதற்காக உங்களில் ஒருவரை நிறுத்தினால், அன்று மாலையே சட்ட உதவி மையத்தில் உங்களுக்காக மனு பதியப்படும். வழக்கறிஞர் அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார். எங்கள் சங்கம் அந்த வாயிலில் நிற்கும். நான் நிற்பேன்.

மற்ற நூற்றுக்கணக்கானோரிடம் பேசுகிறேன். இந்த மூவரும் தனியாக எழுந்தால் அவர்கள் மூன்று பேர். இவர்களோடு நீங்களும் எழுந்தால் இந்த மன்றத்தில் எவன் சான்று சொன்னான், எவன் துணை நின்றான் என்று கம்பெனியின் எந்த வேவுக்காரனாலும் பிரித்தறிய முடியாது. நாளைக் காலைப் பேருந்தில் இவர்கள் பக்கத்து இருக்கையில் அமருங்கள். உணவு இடைவேளையில் இவர்களோடு ஒரே மேசையில் உண்ணுங்கள். வியாழக்கிழமை விடுப்பு எடுக்கக்கூடியவர்கள் எடுத்துக்கொண்டு விசாரணைக் கூடத்துக்கு வாருங்கள். வாயிலில் இருக்கும் பலகையில் எண் குறைந்தால் குறையட்டும். பரிசு போனால் போகட்டும். உங்கள் வரிசையில் நிற்கும் மனிதனின் கை எங்கே போயிற்று என்று உரக்கச் சொல்லுங்கள்.

இந்த மன்றத்தின் வலப்புறத்தில் மேசை போட்டிருக்கிறோம். நம் வழக்கறிஞர் அங்கே அமர்ந்திருக்கிறார். தாள் இருக்கிறது, எழுதுகோல் இருக்கிறது. மலர் தூவுவது பிறகு நடக்கட்டும். முத்துப்பாண்டி, நீங்கள் எழுந்து அந்த மேசைக்கு எதிரே அமருங்கள், தம்பி. அன்று அவர் அருகே நின்றவர்களே, இன்றும் அவர் அருகே வந்து நில்லுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திடுங்கள். வியாழக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், நாளைவரைகூட வேண்டாம். அனைவரும் எழுந்திருங்கள், அவர்களுக்கு வழிவிடுங்கள்.